களைக்கரைசல்: நாற்றத்தைப் பொறுத்துக்கொண்ட பிறகும் செடி கருகுவது ஏன்?

கேரள எல்லையை ஒட்டிய எங்கள் புளியரையில் பக்கத்து வீட்டு ஆச்சி ஒருநாள் காலையில் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "ஏய்யா, உங்க வீட்ல எலி கிலி எதும் செத்துக் கெடக்கா?" என்று கேட்டார். எலி இல்லை, பின்வாசலில் பத்து நாளாக ஊறிக்கொண்டிருந்த களைக்கரைசல், அதாவது களைச்செடிகளைத் தண்ணீரில் அழுகவிட்டு எடுக்கிற திரவ உரம். அந்த நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டு, வடிகட்டி, ஆசை ஆசையாகக் கத்தரிக்கு ஊற்றினேன். மூன்றாம் நாள் இலை ஓரமெல்லாம் தீய்ந்துவிட்டது. தண்ணீர் கலக்கவில்லை, அவ்வளவுதான். அதற்கப்புறம் செய்த மற்ற தப்புகளையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முதல் தப்பு, செடியைத் தேடி அலைவது. வெளிநாட்டு வீடியோக்களில் நெட்டில் (nettle) என்று ஒரு செடியைக் காட்டுவார்கள். ஐரோப்பாவில் வேலியோரம் இடுப்பளவு மண்டி வளரும், தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம். ஒரு கிலோ பச்சைத்தழைக்குப் பத்து லிட்டர் தண்ணீர் விட்டு இரண்டு வாரம் ஊறப்போடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு, தொட்டால் அரிக்கிற செடிதானே என்று நம் ஊர்ச் செந்தட்டியைப் பறிக்கக் கிளம்பினேன். மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் இதைக் கொடித்தூவ என்பார்கள். நெட்டில், செந்தட்டி இரண்டிலும் சுணை உண்டே தவிர சொந்தம் கிடையாது, செந்தட்டி ஆமணக்குக் குடும்பத்துச் செடி. மெலிசான கொடி வேறு, ஒரு கிலோ சேர்ப்பதற்குள் முழங்கை வரை தடித்துவிடும். தேவையே இல்லை. தண்ணீரில் இறங்குவது அந்தக் களை மண்ணிலிருந்து எடுத்து வைத்திருக்கிற சத்துதான், அதனால் கைக்கு எட்டுகிற, வேகமாக வளர்கிற, சீக்கிரம் அழுகுகிற இளந்தழை எதுவும் போதும். குப்பைக்கீரை, எருக்கு, கம்யூனிஸ்ட் பச்சை (புதராக மண்டுகிற ஒரு களை) எல்லாம் சரி. வேலியில் கிளைரிசிடியா நின்றால் (கேரளத்தில் சீமைக்கொன்னை) அதைவிட நல்ல தழை கிடைக்காது, பயறு வகை மரம் என்பதால் தழைச்சத்து அதில் நிறைய. ஆகாயத்தாமரையில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) உண்டு, ஆனால் சாக்கடை கலக்கிற குளத்தில் எடுக்காதீர்கள், அந்தத் தண்ணீரில் இருக்கிற ஈயம் காட்மியம் எல்லாவற்றையும் அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வேம்பு, நொச்சி, ஆடாதொடை ஊறல் பூச்சிவிரட்டி. அது வேறு வேலை, இதே டிரம்மில் போட வேண்டாம்.

எங்கிருந்து பறிக்கிறோம் என்பதில்தான் பெரிய ஆபத்து. கேரளத்து ஆரியங்காவு பக்கம் ரப்பர் தோட்ட ஓரங்களில் கம்யூனிஸ்ட் பச்சை தளதளவென்று நிற்கும், பார்த்தால் கை துறுதுறுக்கும். முந்தாநாள் அதில் களைக்கொல்லி அடித்திருந்தால் நம் கண்ணுக்குத் தெரியாது. கேரளத்தில் கிளைபோசேட்டுக்கு 2019-ல் தடை போட்டார்கள், ஆனால் களைக்கொல்லி அது ஒன்று மட்டும் இல்லையே. 2,4-டி மாதிரி மருந்து துளி போனாலும் தக்காளி இலை நூல் நூலாகச் சுருண்டு போகும், அதை மீட்க வழியில்லை. சாலையோரம், ரயில் பாதையோரம், யாரோ ஒருவருடைய தோட்ட ஓரம் எதையும் தொடாதீர்கள். சொந்த வேலியில் இருக்கிற களை போதும்.

பூத்த களை, விதை பிடித்த களை வேண்டவே வேண்டாம். ஊறினால் செத்துவிடும் என்று நம்பி விதையோடு போட்டேன், தொட்டியில் கத்தரியைவிடக் குப்பைக்கீரைதான் முதலில் முளைத்தது. கோரைக்கிழங்கும் அருகம்புல் வேரும் இன்னும் மோசம், வாரக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே முழுகிக் கிடந்தால்தான் சாகும். அவற்றை வெயிலில் நொறுங்கக் காயவைத்துவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

டிரம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், தகரம் துருப்பிடிக்கும். மூடியை இறுக்கித் திருகாதீர்கள். உள்ளே புளிக்கப் புளிக்க வாயு சேரும், திறக்கும்போது மூஞ்சியில் அடிக்கும், ஒரு சட்டை எனக்கு அப்படிப் போயிற்று. சரி என்று திறந்தே வைத்தால் கொசு. அழுகல் தண்ணீர் என்றால் கியூலக்ஸ் கொசுவுக்கு விருந்து. பழைய வேட்டியை இரண்டாக மடித்து டிரம் வாயில் கட்டினால் போதும், வாயுவும் போகும், கொசுவும் நுழையாது. குழாய்த் தண்ணீரா கிணற்றுத் தண்ணீரா என்றெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

நாற்றம் முழுக்கப் போகாது. காற்றில்லாத இடத்தில் தழையிலுள்ள புரதம் அழுகும்போது வருகிற நாற்றம் அது, அழுகிய முட்டை மாதிரி இருக்கும். தினம் ஒரு தடவை கம்பால் நன்றாகக் கலக்கிவிட்டால் கொஞ்சம் காற்று இறங்கிக் குறையும். ஒரு பிடி வெல்லம் போடுவதும் பலன் தரும். டிரம்மை ஜன்னலுக்கும் ஆச்சிக்கும் தூரமாக, நிழலில் வையுங்கள்.

எத்தனை நாள்? வீடியோ சொல்கிற இரண்டு வாரம் குளிர்ந்த ஊர்க் கணக்கு. சித்திரை வெயிலில் நம் பக்கம் ஏழெட்டு நாளிலேயே ஆகிவிடும், சாரல் காலத்தில் இன்னும் ஒரு வாரம் இழுக்கும். நாளை எண்ணாதீர்கள், கலக்கிப் பாருங்கள்: பொடிப்பொடிக் குமிழி வந்துகொண்டே இருந்தால் இன்னும் வேலை நடக்கிறது, குமிழி அடங்கிவிட்டால் வடிகட்டலாம்.

இப்போது என் கத்தரியைக் கொன்ற விஷயத்துக்கு வருவோம். மண்ணில் ஊற்ற ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர், இலையில் தெளிக்க இருபது பங்கு. அளவுகோப்பை எல்லாம் வேண்டாம், டிரம்மில் இருப்பது கட்டன்சாயா (பால் விடாத டீ) நிறத்தில் இருந்தால், கலந்த பிறகு அதே சாயாவில் யாரோ ஏமாற்றித் தண்ணீர் ஊற்றினது மாதிரி வெளிறி இருக்க வேண்டும். நாற்றுக்கு இன்னும் இளக்கமாக. காய்ந்த மண்ணில் நேரே ஊற்றாதீர்கள், முதலில் வெறும் தண்ணீர் விட்டு நனைத்துவிட்டு அப்புறம் இது. உச்சிவெயிலில் தெளிக்கவே கூடாது. கீரை, மல்லி மாதிரி பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்கிற இலைமேல் தெளிக்காமல் வேரடியில் மட்டும் விடுங்கள், அதுவும் பறிப்பதற்கு முந்தின இரண்டு வாரம் வேண்டாம், கரைசலில் சாணம் கலந்திருந்தால் இவற்றுக்கு ஊற்றவே கூடாது. ஆனி ஆடியில் சாரல் விடாமல் அடிக்கும்போது ஊற்றினால் பாதி சத்து மழையோடு ஓடிவிடும். அந்த மாதங்களில் நான் தொடுவதே இல்லை.

இன்னொன்று, இதை மட்டுமே நம்பி இருப்பது. இந்தத் தண்ணீரில் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் இருக்கும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) ரொம்பக் குறைவு. மிளகாய்ச் செடிக்கு வாராவாரம் ஊற்றி, ஆளுயரத்துக்குக் கருகருவென்று வளர்த்து, ஒரு பூ பார்க்காமல் நின்றேன். அடியுரமாகத் தொழுவுரம் போட்டிருக்க வேண்டும், மொட்டு விட்டதும் இதைக் குறைத்திருக்க வேண்டும். மாதம் இரண்டு முறை தாராளம்.

தெளிப்பானில் ஊற்றுவதாக இருந்தால் வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள், இல்லையென்றால் பாதி நேரம் நாசிலை ஊதிக்கொண்டே நிற்பீர்கள், அதன் ருசி சொல்லும்படியாக இருக்காது. மிஞ்சுகிற சக்கையைத் தொட்டியில் கொட்டாதீர்கள், அரைகுறையாக அழுகினது வேரைச் சுடும். வாழை மூட்டில் ஒரு முழம் தள்ளிக் குழி எடுத்துப் புதையுங்கள், மேலே மண்ணை நன்றாக மிதித்துவிடுங்கள், இல்லையென்றால் அன்று ராத்திரியே தெருநாய் தோண்டி ஆச்சி வீட்டு வாசலில் கொண்டுபோய்ப் போட்டுவிடும்.