ரேஷன் கடை: நியாயம் எங்கே கெடுகிறது, நாம் எங்கே தவறுகிறோம்

ரேஷன் முறைகேடு என்ற பேச்சு வந்தாலே நம்மில் பலர் பக்கத்து வீட்டைத்தான் பார்க்கிறோம். "மாடி வீடு, வாசலில் கார், இவர்களுக்கு எதற்கு இலவச அரிசி?" என்று கேட்கிறோம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும் தமிழ்நாட்டில் அது முறைகேடு இல்லை. இங்கே பொது விநியோகத் திட்டம் எல்லோருக்குமானது. 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தபோதும், எல்லோருக்கும் என்ற அந்த முறையை மாநில அரசு மாற்றவில்லை. அரிசி அட்டை வைத்திருப்பவர் அரிசி வாங்கினால் அது அவருடைய உரிமை.

ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா என்பார்கள். 1997-இல் நாட்டின் பெரும்பகுதி அந்த வழிக்குத்தான் போனது. வறுமைக்கோட்டுப் பட்டியல் போட்டார்கள். ஊரில் செல்வாக்குள்ளவர் பெயர் பட்டியலில் ஏறியது, கூலி வேலைக்குப் போனவர் பெயர் விடுபட்டது. வசதியான சிலரும் வாங்குவதால் வரும் இழப்பைவிட, இல்லாதவர் ஒருவர் வெறும் பையோடு திரும்புவது பெரிய அநியாயம் என்பதே என் கருத்து.

அப்படியானால் அரிசி எங்கே கசிகிறது? பெரும்பாலும் பில்லில்.

நீங்கள் போகும்போது "பருப்பு இன்னும் வரல, அடுத்த வாரம் வாங்க" என்கிறார்கள். அரிசியும் சர்க்கரையும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். சற்று நேரத்தில் செல்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. அதில் அரிசி, சர்க்கரையோடு துவரம் பருப்பு ஒரு கிலோ, பாமாயில் ஒரு லிட்டர் என்றும் இருக்கிறது. அந்த மாதத்துக்கான உங்கள் பருப்பு கணக்கில் முடிந்துவிட்டது. 30 ரூபாய்க்கு உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பருப்பு வெளியே கடை விலைக்குப் போய்விடும். செய்தியைத் திறந்தே பார்க்காமல் அழிப்பதுதான் நாம் செய்யும் மிகப் பெரிய தவறு. அதைவிட மோசம், அட்டையில் பதிவான எண் எப்போதோ தூக்கிப்போட்ட சிம்முடையதாக இருப்பது. அப்போது செய்தி யாருக்குப் போகிறது என்றே தெரியாது. எண்ணை மாற்றுவது பொது விநியோகத் திட்ட இணையதளத்திலோ வட்ட வழங்கல் அலுவலகத்திலோ முடிகிற வேலை.

அரிசி சாப்பிடாத வீடுகள் செய்யும் தவறு வேறு. கைரேகை வைத்துவிட்டு, "அரிசி வேண்டாம், நீங்களே வெச்சுக்குங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு வருவார்கள். அந்த அரிசி ஏழைக்குப் போவதில்லை. உங்கள் பெயரில் விற்றதாகப் பதிவாகி, மூட்டையாகச் சேர்ந்து லாரி ஏறுகிறது. வேண்டாத பொருளுக்குப் பில் போட வேண்டாம் என்று கைரேகை வைக்கும்போதே சொல்லுங்கள். அரிசியே தேவையில்லை என்றால் சர்க்கரை அட்டைக்கு மாறலாம். பொங்கல் பரிசு அரிசி அட்டைக்குத்தான் என்று தயங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அட்டை இருக்கட்டும், வாங்காததை வாங்கியதாக எழுத மட்டும் விடாதீர்கள்.

வாங்கிய அரிசியைத் தெருவில் வரும் வியாபாரிக்கு விற்பதும் இதே சங்கிலிதான். கிலோ சில ரூபாய்க்குப் போகும் அரிசி கேரளாவுக்கோ ஆந்திராவுக்கோ போகிறது. அங்கே பாலிஷ் போட்டு வேறு பெயரில் விற்கிறார்கள், அல்லது கோழித் தீவனமாகிறது. 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டப்படி இது குற்றம். கடத்துபவரை 1980-ஆம் ஆண்டின் கள்ளச்சந்தைத் தடுப்புச் சட்டத்தில் ஆறு மாதம் வரை தடுப்புக் காவலில் வைக்க முடியும்.

இறந்தவர் பெயரை நீக்காமல் விடுவது பல வீடுகளில் துக்கத்தாலும் சோம்பலாலும் நடப்பது. பெரும்பாலான அட்டைகளில் எத்தனை பேர் என்பதை வைத்தே அரிசி அளவு கணக்காகிறது, அதனால் நீக்கிவிடுவதே முறை. திருமணமாகிப் போன மகளின் பெயரையும் உடனே நீக்குங்கள். இங்கே நீக்காமல் புகுந்த வீட்டு அட்டையில் சேர்க்க முடியாது.

கைரேகை விழாதவர்கள் விஷயத்தில் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பாத்திரம் தேய்த்தும் செங்கல் சுமந்தும் விரல் ரேகை அழிந்த பாட்டிகளை எந்தக் கடை வரிசையிலும் பார்க்கலாம். விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைப்பார்கள், இயந்திரம் ஏற்காது. பின்னால் நிற்பவர்கள் "நகரும்மா" என்பார்கள். அவரை அப்படியே அனுப்பிவிடுவது தவறு. கருவிழிப் பதிவோ செல்பேசிக்கு வரும் ஓடிபியோ வைத்து வாங்க வழி உண்டா என்று அவருக்காக நாம் கேட்கலாம். நடக்க முடியாதவர்கள் தங்களுக்குப் பதிலாக இன்னொருவரை அங்கீகரித்து விண்ணப்பிக்கலாம். மூத்த குடிமக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலேயே பொருள் தரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது.

மோசடியைத் தடுக்கிறோம் என்று கதவை இறுக்கினால் என்ன ஆகும் என்பதை ஜார்கண்டில் பார்த்தோம். 2017-இல் சிம்டேகா மாவட்டத்தில் ஆதார் இணைக்காததால் ஒரு குடும்பத்தின் அட்டை ரத்தானது. பிறகு அந்த வீட்டின் 11 வயதுச் சிறுமி இறந்தாள். சோறு கேட்டபடியே இறந்தாள் என்றார் தாய். மலேரியா என்றது நிர்வாகம். அந்த வீட்டுக்கு ரேஷன் நின்றுபோனதை எந்த விளக்கமும் மறைக்காது.

விற்பனையாளரிடம் சண்டை போடுவதும் பெரும்பாலும் பயன் தராது. கிடங்கிலிருந்து மூட்டையே எடை குறைந்துதான் வருகிறது என்று அவர்கள் சங்கங்கள் வெகுகாலமாகச் சொல்லி வருகின்றன. அதற்காக நம் பையில் குறைப்பதை ஏற்க வேண்டியதில்லை. தராசு பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உப்பும் சோப்பும் வாங்கினால்தான் அரிசி என்றால் மறுத்துவிடுங்கள், அவை கட்டாயமில்லை.

புகாரை 1967 என்ற எண்ணில் சொல்லலாம், 1800 425 5901 கட்டணமில்லா எண்ணும் உண்டு. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை வட்ட அளவில் குறைதீர் முகாம் நடக்கிறது. குறுஞ்செய்தியை அழிக்காமல் கொண்டு போங்கள். எந்தத் தேதியில் எந்தப் பொருளுக்குப் பில் விழுந்தது, கையில் கிடைத்தது என்ன என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, மனு வாங்கியதற்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள்.