மண்ணுல மீத்தேன் தின்னுற பாக்டீரியாவ எண்ணுறது எப்படி

நெல் வயல் மண்ணுன்னா மேல் சில மில்லிமீட்டரும் வேர ஒட்டின மண்ணும் எடுங்க, மீத்தேனும் ஆக்சிஜனும் சந்திக்கிற இடம் அதான். 10 கிராம் மண்ண 90 மில்லி ஸ்டெரைல் தண்ணில நல்லா குலுக்கி, அதுலருந்து 1 மில்லி எடுத்து 9 மில்லில விட்டு, இப்படியே பத்து பத்து மடங்கா நீர்க்க வச்சுட்டே போங்க. ஒவ்வொரு டைல்யூஷனுக்கும் 3 பாட்டில், 5 இருந்தா இன்னும் நல்லது. நைட்ரேட் உப்பு மீடியம் (பாக்டீரியா வளர்ற கரைசல்), துளி காப்பர், அவ்ளோதான், சர்க்கரை கிர்க்கரை எதுவும் வேணாம். ரப்பர் மூடி போட்டு உள்ள இருக்குற காத்துல சுமார் 20% மீத்தேன் ஏத்தி 25-30 டிகிரில 3-4 வாரம் விட்டுடுங்க.

ஒண்ணு, மீத்தேன் காத்துல 5-15% இருந்தா சின்ன பொறியே போதும் வெடிக்க, அதனால ஃப்யூம் ஹூட்லதான் (வாயுவ வெளிய இழுத்துடுற லேப் பெட்டி), பர்னர் பக்கத்துலயே வேணாம்.

கலங்கிருச்சுன்னு மட்டும் பாசிட்டிவ் போட்றாதீங்க, வேற பாக்டீரியாவும் கலக்கும். மீத்தேன் ஏத்தாத கன்ட்ரோல் பாட்டில் வைங்க, கேஸ் குரோமட்டோகிராஃப்ல மீத்தேன் குறைஞ்சிருக்கான்னு பாருங்க. பாசிட்டிவ் எண்ணிக்கைய எம்பிஎன் டேபிள்ல (எத்தனை பாட்டில் பாசிட்டிவ்ங்கறத வச்சு பாக்டீரியா சுமாரா எவ்ளோன்னு சொல்ற பட்டியல்) பார்த்து, காஞ்ச மண்ணு ஒரு கிராமுக்குன்னு மாத்திக்கோங்க. அகார் பிளேட் எனக்கு புடிக்காது, அகார்ல இருக்குற அழுக்க தின்னே கண்டதும் காலனி போடும்.

வளர்க்க முடியாததையும் சேர்த்து எண்ணணும்னா பிஎம்ஓஏ ஜீனுக்கு (மீத்தேன உடைக்கிற என்சைமோட ஜீன்) க்யூபிசிஆர், அதாவது ஜீன் எத்தனை இருக்குன்னு எண்ணுற டெஸ்ட், ஓட்டலாம், ஆனா மெத்திலோசெல்லாங்கற மீத்தேன் தின்னுற பாக்டீரியாவுக்கு அந்த ஜீனே கிடையாது, அது கணக்குல வராது.