டர்போ பொருத்திய பழைய எம்எக்ஸ்-5 காருக்கு இசியு தேர்ந்தெடுப்பது எப்படி?

எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், தீப்பொறி எந்தக் கணத்தில் பாய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கணினியே இசியு. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போவைப் பொருத்தியதும் தொழிற்சாலை இசியுவின் கணக்கு பிசகிவிடுவதால், அதன் இடத்தில் தனி இசியு ஒன்றை வாங்கிப் பொருத்துகிறோம். 1989-இல் அறிமுகமான மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் 1.6 லிட்டர் எஞ்சினை வைத்து அந்தத் தேர்வைப் பார்ப்போம்.

முதலில், விலைப்பட்டியலைத் தொடாமல், ஒரு தாளின் நடுவே கோடு கிழித்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் இசியு இயக்க வேண்டியவற்றை எழுதுங்கள்: பெட்ரோலைத் தெளிக்கும் 4 இன்ஜெக்டர்கள், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் 2 இக்னிஷன் காயில்கள், கார் நிற்கும்போது எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் ஐடில் வால்வு, டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சொலினாய்டு என்ற மின் வால்வு. இத்தனை வெளியீடுகள் இல்லாத இசியுவை அப்போதே விலக்கிவிடலாம்.

இடப்பக்கம் சென்சார்களுக்கு உரியது. இங்கே நிதானம் தேவை. இந்த எஞ்சினில், உள்ளே போகும் காற்று ஒரு மடலைத் தள்ளித் திறக்கும் அளவை வைத்து ஒரு மீட்டர் அந்தக் காற்றை அளக்கிறது. தனி இசியு வந்ததும் பெரும்பாலும் அதைக் கழற்றிவிட்டு, எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் மானிஃபோல்டு குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாருக்கு மாறுவார்கள். ஆனால் அந்த மீட்டருக்குள்ளேயே காற்றின் வெப்பநிலையை அளக்கும் சென்சாரும் பெட்ரோல் பம்பை இயக்கும் சுவிட்சும் இருக்கின்றன. ஆகவே வெப்பநிலை சென்சார் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும். பம்பை இயக்க ஒரு வெளியீட்டை வலப்பக்கத்தில் சேர்க்க வேண்டும். இதை மறந்தால் எஞ்சின் நின்றுபோகும்போது பம்ப் பழுதாகிவிட்டது என்றே எண்ணத் தோன்றும். மேலும், கியர் மாற்றி ஓட்டும் 1.6 காரில், காற்று நுழையும் வழியைத் திறந்து மூடும் திராட்டிலின் சென்சார் வெறும் சுவிட்ச்தான்; திராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் படிப்படியாகச் சொல்லும் சென்சாரை அதன் இடத்தில் வைப்பது நல்லது.

மேப் சென்சாரின் அளவையும் பாருங்கள். பூஸ்ட், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் டர்போ கூட்டும் அழுத்தம், 0.7 பார் என்றால், இரண்டும் சேர்ந்த மொத்த அழுத்தம் ஏறத்தாழ 170 கிலோபாஸ்கல் ஆகும் என்பதால், 250 கிலோபாஸ்கல் வரை அளக்கும் சென்சார் போதும்.

அடுத்து, எஞ்சினின் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டின் பின்முனையில் இருந்து, எஞ்சின் சுழற்சி எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் கேம் ஆங்கிள் சென்சாரின் சிக்னலை அந்த இசியு புரிந்துகொள்ளுமா என்று கேளுங்கள். புரியாவிட்டால் எஞ்சின் கிளம்பவே கிளம்பாது.

வயரிங்கில் புதியவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்வது, காரின் பழைய கனெக்டரிலேயே செருகக்கூடிய வகையை வாங்குங்கள் என்பதுதான். மெகாஸ்குவர்ட், லிங்க் என்ற இரண்டு இசியு வகைகளிலும் எம்எக்ஸ்-5 காருக்கு அப்படிப்பட்டவை உண்டு. ஆர்டுயினோ மெகா என்ற சிறு மின்னணுப் பலகையில் இயங்கும் ஸ்பீடுயினோ இசியு மலிவானது. ஆனால் சால்டரிங் கைவந்தவருக்கே அது ஏற்றது.

எல்லாவற்றையும்விட முக்கியமானவர், இசியுவின் கணக்கை உங்கள் எஞ்சினுக்கு ஏற்பச் சரிசெய்துதரும் டியூனர். இசியுவோடு வரும் அடிப்படை மேப் (பெட்ரோல், தீப்பொறி அளவுகளின் அட்டவணை; மேப் சென்சார் அல்ல) எஞ்சினைக் கிளப்புவதற்கு மட்டுமே உதவும். பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் குறைந்தாலோ, தீப்பொறி முந்தினாலோ, நாக் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பது) ஏற்பட்டு பிஸ்டன் உடையலாம். மெகாஸ்குவர்ட்டுக்கும் ஸ்பீடுயினோவுக்கும் டியூனர்ஸ்டூடியோ மென்பொருள் பயன்படுகிறது. லிங்க்குக்கு வேறு மென்பொருள். உங்கள் ஊர் டியூனர் நாள்தோறும் கையாளும் மென்பொருள் எதுவோ அதற்குரிய இசியுவையே, வசதிகள் சற்றுக் குறைந்திருந்தாலும், நான் தேர்ந்தெடுப்பேன். காற்று-பெட்ரோல் விகிதத்தைத் துல்லியமாகக் காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரையும் தாளில் சேர்த்து, அந்தத் தாளை அவரிடம் காட்டி, ஒவ்வொரு வரியையும் அவர் சரிபார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.