ராஜபாளையமா, கோம்பையா? நாய்க்குட்டி எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் தெருக்கோடித் தம்பி ஒரு ராஜபாளையம் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பால் வெள்ளைண்ணே, மூக்கு ரோஸு, உடம்புல ஒரு புள்ளி கிடையாது." குட்டி அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் தலைக்குப் பின்னால் சாவிக்கொத்தைக் குலுக்கினேன். காது மடல்கூட அசையவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் ஏமாந்த அதே இடம்.

தடுப்பூசி, பூச்சி மருந்து எல்லாம் டாக்டரே சொல்லிவிடுவார். மற்றதைச் சொல்கிறேன்.

காதைச் சோதிக்காமல் வெள்ளைக்கு மயங்குவது

ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற செல்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். அவை அங்கே இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் நுண்செல்கள் அழிந்துபோகும். அப்புறம் மருந்து கிடையாது. நாமோ அப்பழுக்கில்லாத வெள்ளைதான் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வாங்குகிறோம். செவலை உடம்பும் கருமூஞ்சியுமாக வரும் கோம்பைக்கு நிறக்குறைவால் வரும் இந்தச் செவிடு இல்லை.

விற்பவர் கை தட்டுவார், மொத்த ஈத்தும் ஓடி வரும். செவிட்டுக் குட்டியும் கூடவே வரும், மற்றதெல்லாம் ஓடுவதைப் பார்த்து. அதை நம்பித்தான் நான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

குட்டியைத் தனியாக வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். அது வேறு பக்கம் பார்க்கும்போதோ தூங்கும்போதோ பின்னாலிருந்து சத்தம் எழுப்புங்கள். தரையைத் தட்டாதீர்கள், அதிர்வில் திரும்பும். முகத்துக்குப் பக்கத்தில் கை தட்டாதீர்கள், காற்று படும். சாவி, விசில், தட்டு என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதிலும் தப்பிவிடும். மூளைக்குப் போகும் மின்துடிப்பைப் பதிவு செய்யும் சோதனையில்தான் அது பிடிபடும். ஈத்து எடுக்கப்போகிறவர்கள் அதைச் செய்யாமல் இணை சேர்க்கவே கூடாது.

என் நாய்க்கு வாசலில் வண்டி நிற்பது தெரியாது. சங்கிலி இல்லாமல் தெருவில் விட முடியாது, ஹாரன் கேட்காது. ஒரு மத்தியானம் அது தூங்கும்போது அக்கா மகன் முதுகில் கை வைத்தான். திடுக்கிட்டுக் கடித்துவிட்டது. நாலு தையல். நாயின் மேல் குற்றமே இல்லை. அதன் பக்கத்தில் போகும் முன் தரையைத் தட்ட வேண்டும் என்று அன்றைக்குத்தான் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

புகழைப் பார்த்து எடுப்பது

2005-ல் அஞ்சல்தலையில் வந்த இனம் என்று ராஜபாளையத்தைத் தேடுகிறார்கள். அது காட்டுப்பன்றியைத் துரத்த வளர்க்கப்பட்ட நெட்டைக்கால் நாய். ஓட இடம் வேண்டும், வீட்டில் ஓரிருவரிடம்தான் முழுசாக ஒட்டும். தேனிப் பக்கத்துக் கோம்பை அதைவிடக் குள்ளம், இறுகின உடம்பு. முற்றம் சின்னதாக இருந்தால் நான் கோம்பையைத்தான் சொல்வேன், காலையும் மாலையும் ஓட்ட ஆள் இருந்தால் மட்டும். வேற்றாளைச் சட்டென்று சேர்க்காது. ஆகவே குட்டியிலிருந்தே விருந்தாளி, பால்காரர், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரையும் பழக்க வேண்டும்.

சுற்றுச்சுவர் இல்லாத வீடு

இரண்டுமே வேண்டாம்.

இரண்டையும் சேர்த்தே எடுப்பது

கூடாது. முதல் நாய் பழகி முடியட்டும்.

செவிடு என்று தெரிந்ததும் கைகழுவுவது

திருப்பிக் கொடுத்தால் அது இன்னொரு வீட்டுக்குச் சொல்லாமல் விற்கப்படும், இல்லாவிட்டால் ரோட்டுக்குப் போகும். தம்பியிடம் இதைச் சொன்னேன், வைத்துக்கொண்டார். இப்போது தினமும் சாயங்காலம் என் வீட்டு முற்றத்துக்குக் கூட்டி வருகிறார். உள்ளங்கையை மேலே தூக்கினால் உட்காருகிறது. கையை நெஞ்சில் வைத்தால் ஓடி வருகிறது.