ஆறு கடக்கிற நடைக்குச் சப்பாத்து எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலை ஏறப் போகிறவர்கள் கடைக்குள் நுழைந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "தண்ணி போகாத சப்பாத்து இருக்கா?" என்பதுதான். முதல் தவறும் அதுதான்.

கோர்டெக்ஸ் மாதிரி, தண்ணீர் புகாத சவ்வு வைத்த சப்பாத்து தூறல் மழைக்கு நல்லது, விடியற்காலையில் பனி ஈரம் பிடித்த புல்லில் நடக்கவும் நல்லது. ஆற்றுக்கு அது சரிவராது. தண்ணீர் கணுக்காலைத் தாண்டிய உடனே சப்பாத்தின் வாய் வழியாக உள்ளே இறங்கிவிடும், அதை எந்தச் சவ்வும் தடுக்காது, ஆனால் உள்ளே போனதை வெளியே விடாமல் மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். கரையேறிக் கழற்றிக் கவிழ்த்து ஊற்றினாலும் உள்துணியில் ஊறியது அன்று முழுக்கக் காயாது. கால் ஊறி, தோல் வெளிறிச் சுருங்கி, அதன்மேல் உரசல் விழுந்தால் சாயங்காலத்துக்குள் கொப்புளம் நிச்சயம். ஒருநாள் நடை என்றால் வீட்டுக்கு வந்து எண்ணெய் பூசிக்கொள்ளலாம், நான்கு நாள் நடக்கிறவருக்கு இரண்டாம் நாளே பயணம் முடிந்துவிடும்.

ஆகவே தேட வேண்டியது, நனைந்தாலும் சீக்கிரம் வடிந்துவிடுகிற சப்பாத்து. மேல்பக்கம் மெல்லிய வலைத்துணி, உள்ளே பஞ்சு குறைவு, அடியில் ஆழமான பல் வெட்டு, கயிறு கட்டி இறுக்கக்கூடியது. மலைப்பாதையில் ஓடுகிறவர்களுக்கென்று வரும் சப்பாத்துகளில் பல இப்படித்தான் இருக்கும். வாங்கி வந்ததும் பீலியடியில் வைத்து ஒரு கோப்பைத் தண்ணீரை உள்ளே ஊற்றிப் பாருங்கள். வலைத்துணி வழியாக மளமளவென்று வடிந்தால் நல்ல சப்பாத்து. குளம் மாதிரித் தேங்கி நின்றால், அதைக் கல்யாண வீட்டுக்குப் போட்டுப் போகலாம்.

இதற்கும் முன்னால் ஒன்று. எந்த வழியில் நடக்கப் போகிறீர்கள் என்று பார்க்காமலே சப்பாத்து எடுக்கிறவர்கள் நிறையப் பேர். கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிற பீகோ பாதை 22 கட்டங்களாக 300 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அதில் பெரும்பகுதி பழைய தோட்டத்துப் பாதைகள். கொழுந்து ஏற்றிப் போக வெட்டிய ரோட்டில் பாலமும் மதகும் இருக்கும், மழை நாளில் ரோட்டுக்கு மேலால் ஓடும் ஓடைகளை மிதித்துப் போவதுதான் அங்கே அதிகபட்சத் தொல்லை. அதற்கென்று ஆற்றுச் செருப்பு ஒரு ஜோடி தனியாகச் சுமக்க வேண்டாம். நக்கிள்ஸ் பக்கம் வேறு கதை. மீமுரே சுற்றுவட்டாரத்தில் காட்டுக்குள் இறங்கினால் பாலமில்லாத ஓடைகளைக் கல்லுக்குக் கல் தாவியோ தண்ணீரில் இறங்கியோதான் கடக்க வேண்டியிருக்கும்.

காலத்தையும் பாருங்கள். மஸ்கெலியா, ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை. நக்கிள்ஸின் கிழக்குச் சரிவுக்கும் பதுளைப் பக்கத்துக்கும் டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகிழக்கு மழை. ஒரு பக்கம் ஓடை வற்றிக் கிடக்கும்போது மறுபக்கம் பொங்கிப் பாயும்.

இனி வெறுங்கால். "எங்க அப்பாயி வெறுங்காலோட சிவனொளிபாதமலை ஏறினவங்க, எனக்கு எதுக்குச் சப்பாத்து?" என்று கேட்கிற தம்பிமார் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவராவது இருப்பார். அப்பாயி ஏறினார், உண்மைதான். ஆனால் அவருடைய பாதம் சின்ன வயதிலிருந்து தேயிலை மலையில் ஏறி இறங்கி உரமேறிய பாதம், ஏறியதும் பெரும்பாலும் படிக்கட்டில். கொழும்பில் கதிரையில் உட்கார்ந்து வேலை பார்க்கிற பாதத்தை ஆற்றுக்குள் இறக்கினால் ஐந்தாவது அடியிலேயே பெருவிரல் கல்லில் மோதும். வலியில் அந்தக் காலைச் சட்டென்று தூக்குவீர்கள், உடல் பாரம் முழுக்க மற்றக் காலுக்குப் போகும், அதன் கீழே இருப்பதோ பாசி பிடித்த கல். விழுகிறவர்களில் பலர் இப்படித்தான் விழுகிறார்கள். லயங்களுக்கும் ரோட்டுக்கும் கிட்ட ஓடும் ஆறுகளில் உடைந்த போத்தலும் கிடக்கும், கலங்கிய தண்ணீரில் அது கண்ணுக்குத் தெரியாது.

பாட்டா, அதாவது விரலிடுக்கில் வார் மாட்டும் ரப்பர் செருப்பு, போட்டுக்கொண்டு இறங்குவது வெறுங்காலை விட மோசம் என்பது என் கருத்து. வெறுங்காலுக்காவது கல்லைத் தடவிப் பார்க்கத் தெரியும். பாட்டா தண்ணீருக்குள் பக்கவாட்டில் திரும்பும், வார் விரலிடுக்கிலிருந்து நழுவும், ஒன்று கழன்று மிதந்ததும் கை தன்னையறியாமல் அதைப் பிடிக்கப் போகும். ஒரு ரப்பர் செருப்புக்காக நடு ஆற்றில் குனிய வேண்டாம், போகட்டும் விடுங்கள். குரொக்ஸும் ஏறக்குறைய அதே குடும்பம்தான். பின்வார் இருந்தாலும் பாதம் உள்ளே வழுக்கிக்கொண்டே இருக்கும். ஆனால் இராத்தங்கும் இடத்தில் போட அதைப் போல இலேசான ஒன்று கிடையாது, அதற்காகப் பையில் தொங்கவிடுங்கள்.

குதிகால் வாரும் விரல் மூடியும் உள்ள சாண்டில் பரவாயில்லை. அதன் குறை, மணலும் சின்னக் கல்லும் உள்ளே புகுந்து அடிக்கடி நின்று உதற வேண்டியிருப்பதுதான்.

கம்பூட்ஸ் என்கிற உயரமான ரப்பர் பூட்ஸ் பற்றிக் கேட்பார்கள், தோட்டத்தில் பழகியவர்கள் குறிப்பாக. சேற்றுக்கும் அட்டைக்கும் அது ராஜா. ஆற்றில் தண்ணீர் அதன் விளிம்பைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு காலிலும் சில லிட்டர் நிறையும், லிட்டருக்கு ஒரு கிலோ. அந்தப் பாரத்தோடு கரை மேட்டில் ஏறிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். பந்து விளையாடக் குமிழ் வைத்த பூட்ஸும் இப்படித்தான், சேற்றில் கவ்வும், கல்லில் வழுக்கும்.

எந்த அடிப்பாகமும் பாசியை முழுசாக வெல்லாது என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். விலை கூடிய ரப்பரை நம்பி, தண்ணீருக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருக்கும் கறுப்புக் கல்லின்மேல் தாவுகிறவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். சப்பாத்து நனையக் கூடாது என்று கல்லுக்குக் கல் தாவுவதை விட, நனையட்டும் என்று ஆற்றின் அடியில் கிடக்கும் பரல் கல்லில் கால் ஊன்றி, ஒரு தடியைப் பிடித்துக்கொண்டு, மெல்ல நடப்பது எவ்வளவோ பாதுகாப்பு. வடியும் சப்பாத்து போட்டவருக்கு அந்தத் தயக்கமே வராது.

கணுக்கால் வரை உயர்ந்த தோல் பூட்ஸ்தான் உங்களிடம் இருக்கிறது, வேறு வாங்க வசதியில்லை என்றால் ஒரு வழி உண்டு. கரையில் உட்கார்ந்து மேஸை (காலுறையை)க் கழற்றுங்கள், பூட்ஸுக்குள் இருக்கும் இன்சோலையும் உருவி எடுங்கள், இரண்டையும் பொலித்தீன் பையில் கட்டிவிட்டு வெறும் பூட்ஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு கடந்துவிடுங்கள். அக்கரையில் தண்ணீரை ஊற்றி, உள்ளே துடைத்து, காய்ந்த மேஸைப் போட்டால் கால் ஓரளவு பிழைக்கும். பூட்ஸைக் கயிற்றால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு இறங்காதீர்கள், நடு ஆற்றில் அது ஆடி ஆடி உங்களையும் ஆட்டும். மேஸ் பருத்தியாக இருக்க வேண்டாம், மெல்லிய கம்பளியோ செயற்கை இழையோ நல்லது. இரவில் போட மட்டும் ஒரு ஜோடியைக் காய்ந்ததாகவே வைத்திருங்கள், எவ்வளவு ஆசை வந்தாலும் பகலில் அதைத் தொடாதீர்கள்.

அட்டைக்கு என்று மேஸில் சவர்க்காரம் தேய்த்துவிட்டு வருகிறோமே, ஆற்றில் இறங்கினால் அது கழுவுப்பட்டுப் போகும். அக்கரைப் புல்லில் அட்டை காத்திருக்கும். சவர்க்காரத் துண்டைப் பையின் அடியில் போடாமல் வெளிப்பையிலேயே வைத்திருந்து, கரையேறியதும் மறுபடி தேயுங்கள்.

ஹோர்ட்டன் சமவெளி 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது, அங்கே இரவில் எதுவும் காயாது. அதற்காகச் சப்பாத்தை நெருப்புக்குப் பக்கத்தில் வைத்தால் பசை இளகி அடிப்பாகம் வாயைப் பிளந்துவிடும். இன்சோலைத் தனியாக எடுத்துவிட்டு, உள்ளே பழைய பேப்பரைத் திணித்து வையுங்கள், போதும். அலுமாரியில் பல வருடம் கிடந்த பூட்ஸையும் நம்பாதீர்கள். பொலியூரித்தேன் அடிப்பாகம் ஈரக்காற்றில் தானாகவே சிதைகிற ஒன்று, நம் மலைநாட்டு ஈரத்தில் கேட்கவே வேண்டாம். வெளியே புதுசு போல இருக்கும், பயணத்தில் துண்டு துண்டாக உதிரும். புறப்படும் முன் பெருவிரலால் அடிப்பாகத்தின் ஓரத்தை அழுத்திப் பாருங்கள், வெடிப்போ உதிரலோ தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

சப்பாத்து நல்லதாக அமைந்துவிட்டது என்பதற்காக இறங்கக் கூடாத தண்ணீரில் இறங்குவதும் ஒரு தவறுதான். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடினால் திரும்பிவிடுங்கள். தண்ணீர் மண் நிறமாக மாறினாலும், குச்சியும் இலையும் அடித்துக்கொண்டு வந்தாலும், அடியில் கல் உருளும் சத்தம் கேட்டாலும், மேலே மழை பெய்கிறது என்று அர்த்தம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடிமழை பெரும்பாலும் பின்னேரத்தில்தான் வரும், ஆகவே ஆற்றைக் காலையிலேயே கடந்துவிடப் பாருங்கள். அணைக்கட்டுகளுக்குக் கீழே மழை இல்லாமலும் நீர் ஏறும். கித்துள்கலையில் படகு விடுவதே மேலே மின்நிலையங்கள் திறக்கும் தண்ணீரைப் பார்த்துத்தான். சைரன் கேட்டால் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டு நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

எலிக்காய்ச்சலைப் பலர் வயல் வேலை செய்கிறவர்களின் நோய் என்று நினைக்கிறார்கள். காலில் வெட்டோ உடைந்த கொப்புளமோ இருக்கும்போது கலங்கிய தண்ணீரில் நின்றால் யாருக்கும் வரலாம், எனவே புண்ணை நீர் புகாத பிளாஸ்டரால் மூடிக்கொண்டு இறங்குங்கள். திரும்பி வந்து ஓரிரு வாரத்தில், சில வேளை ஒரு மாதம் கழித்துக்கூட, காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் பெனடோல் போட்டுப் படுத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், ஆற்றில் இறங்கி நடந்த விஷயத்தை டொக்டர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.