மாற்றுத்திறனாளிக் குழந்தைகளோடு அலைச்சறுக்கு: முதல்முறை இறங்கும் தன்னார்வலருக்கு

எனக்கு அலைச்சறுக்கு (சர்ஃபிங்) நன்றாக வரும் என்ற தைரியத்தில்தான் இந்த வேலைக்குப் போனேன். முதல் நாளே, முழங்கால் அளவுத் தண்ணீரில், ஒரு பையனைத் தவறவிட்டேன். நல்லவேளை, இருமலோடு போயிற்று. அந்தக் கதை 5ஆம் படியில் இருக்கிறது. அவசரக்காரர்கள் நேரே அங்கே போய்விடலாம்.

பலகையில் எழுந்து நிற்பது, அலையைத் தேர்வு செய்வது, ரிப் கரண்டை (ஆளைக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம்) அடையாளம் காண்பது எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. அதெல்லாம் தெரியாதவர் கரையில் உதவலாம், தண்ணீரில் வேண்டாம்.

1. தனியாகக் கிளம்பாதீர்கள்

பக்கத்து வீட்டுப் பிள்ளையை நீங்களே கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லிக்கொடுக்கும் விஷயம் இல்லை இது. உயிர்காப்பாளர்களும் முறையான பயிற்சியும் உள்ள குழுவில் சேருங்கள். ஆஸ்திரேலியாவில் 1986லேயே மாற்றுத்திறனாளிகளுக்கென அலைச்சறுக்குச் சங்கம் தொடங்கிவிட்டார்கள். அமெரிக்காவில் இஸி பாஸ்கோவிட்ஸ் என்ற அலைச்சறுக்கு வீரர், ஆட்டிசம் உள்ள தன் மகனைப் பலகையில் ஏற்றிக்கொண்டு போனதிலிருந்து பிறந்ததுதான் ‘சர்ஃபர்ஸ் ஹீலிங்’ அமைப்பு. 2015இல் கலிஃபோர்னியாவில் மாற்றுத்திறனாளிகளின் அலைச்சறுக்குக்கென்று உலகப் போட்டியே நடந்தது. இத்தனை வருடம் அடிபட்டுக் கற்றதை ஒரே நாளில் நீங்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

நல்ல குழு உங்கள் பின்னணியை விசாரிக்கும். கோபப்படாதீர்கள், விசாரிக்காத குழுவைத்தான் சந்தேகப்பட வேண்டும். உடை மாற்றும் இடத்தில் குழந்தையோடு தனியாக இருக்காதீர்கள். பெற்றோர் அனுமதி இல்லாமல் படம் எடுக்காதீர்கள்.

2. கரையில் முதலில் கேட்க வேண்டியவை

படிவத்தில் எல்லாம் எழுதியிருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். பெற்றோரிடம் வாயால் கேளுங்கள். வலிப்பு வருமா, கடைசியாக எப்போது வந்தது? தலை தானாக நிற்குமா? உடம்பில் எங்கெல்லாம் உணர்ச்சி இல்லை? மூச்சுவிடுவதற்காகக் கழுத்து வழியே மூச்சுக்குழாயில் துளை போட்டிருந்தால் கடலே வேண்டாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் மேல் மூட்டு தளர்ந்திருக்கும். தலைகுப்புற விழும் விளையாட்டு ஆகாது, மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். ஸ்பைனா பிஃபிடா (பிறவியிலேயே முதுகுத்தண்டு முழுதாக மூடாத நிலை) உள்ளவர்களிடம் லேடெக்ஸ் என்ற ரப்பருக்கு ஒவ்வாமை அதிகம். நீச்சல் தொப்பி, கையுறைகூடப் பிரச்சினை செய்யும்.

அப்புறம் குழந்தையிடமே பேசுங்கள். அம்மாவைப் பார்த்து “இவனுக்குப் பயமா?” என்று கேட்பது எனக்குப் பிடிப்பதில்லை. பேச்சு வராத குழந்தைக்கும் ‘வேண்டும்’, ‘போதும்’ என்பதற்கு ஏதோ ஒரு வழி இருக்கும்: கண் சிமிட்டல், கை திருப்பல், ஒரு சத்தம். அதைக் கற்றுக்கொள்ளாமல் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பதற்றத்திலும் சிரிக்கிற பிள்ளைகள் உண்டு.

3. கருவிகள் (என் பிடிவாதங்கள்)

மேல்பக்கம் மெத்தென்ற நுரைப் பலகை, குறைந்தது 9 அடி, நல்ல அகலம், பக்கவாட்டில் கைப்பிடி. அடியில் மீன் துடுப்புபோல் நீட்டியிருக்கும் ஃபின் வளையக்கூடிய ரப்பர் வகையாக இருக்க வேண்டும். காற்றடித்த பலகையைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். எனக்கு ஒத்துவரவில்லை, தண்ணீர் மேல் உயரமாக மிதந்து, லேசாகக் காற்றடித்தாலே திரும்பிக்கொள்கிறது.

அடி தாங்குவதற்காகப் போடும் மெல்லிய வெஸ்ட் வேறு, லைஃப் ஜாக்கெட் வேறு. தலை நிற்காத குழந்தைக்கு, முகத்தை மேலே திருப்பிவிடும் கழுத்துப்பட்டை வைத்த லைஃப் ஜாக்கெட்தான். குப்புறப் படுக்கும்போது முன்பக்க நுரை நெஞ்சை முட்டும். ஆகவே கரையிலேயே படுக்கவைத்துப் பார்த்துவிடுங்கள்.

குழந்தையின் காலில் லீஷ் கயிறு (பலகையைக் காலோடு இணைப்பது) மாட்டக் கூடாது என்பது என் கட்சி. விழுந்தால் பலகை அந்தக் காலைத்தான் பிடித்து இழுக்கும். லீஷ் பின்னால் இருக்கும் தன்னார்வலர் காலில் இருக்கட்டும். உங்கள் குழுவின் விதி வேறாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள், ஆனால் அன்றைக்கு அந்த விதிப்படியே நடங்கள்.

4. தண்ணீரில் யார் எங்கே

பலகையின் வாலில் ஒருவர், இரண்டு பக்கமும் ஒவ்வொருவர், கரைப்பக்கம், வந்து சேரும் பலகையைப் பிடிப்பவர்கள் இருவர். இவர்கள் தவிர, கடலை மட்டுமே பார்க்கும் ஒருவர். அவர் வேடிக்கை பார்க்கக் கூடாது, கைதட்டவும் கூடாது.

உள்ளே போகும்போது பலகையின் மூக்கு, அதாவது முன்நுனி, அலைக்கு நேராக இருக்கட்டும். உடைந்த அலையின் நுரை வரும் நேரத்தில் மூக்கைச் சற்றுத் தூக்குங்கள். பலகை குறுக்கே திரும்பினால் அலை அதைத் தூக்கிக் கரைப்பக்கம் நிற்பவர் மேல் வீசும். பலகைக்கும் கரைக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது.

இடுப்பளவு ஆழம், முழங்கால் உயர நுரை அலை போதும். குழந்தை ரொம்ப முன்னால் இருந்தால் பலகையின் மூக்கு தண்ணீருக்குள் குத்தும். பின்னால் போனால் அலை அடியில் நழுவிப் போய்விடும். தலையையோ முதுகையோ தானாகத் தாங்க முடியாத குழந்தைக்கு, அனுபவமுள்ள ஒருவர் பின்னால் சேர்ந்து ஏறிக்கொள்ள வேண்டும். முதல் நாளில் அது நீங்கள் இல்லை.

5. கடைசிப் பத்தடி

பையனுக்கு எட்டு வயதிருக்கும். செரிப்ரல் பால்சி (பெருமூளை வாதம்). அலை அருமையாக வந்தது. கரையில் எல்லாரும் கத்துகிறார்கள். நான் முழங்கால் ஆழத்தில், ஓடிவரும் பிள்ளையைத் தூக்கப்போவதுபோல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நேர் எதிரே நிற்கிறேன்.

ஃபின் மணலில் தட்டியது. பலகை நின்றது, பையன் நிற்கவில்லை. மூக்கைத் தாண்டி வழுக்கி, முகம் தண்ணீரில். நான் குனிவதற்குள் அடுத்த நுரை பலகையைத் தள்ளி என் முழங்காலில் இடித்தது. அவனுக்கும் எனக்கும் நடுவில் பலகை. பின்னால் இருந்தவர் அதற்குள் கையை எடுத்திருந்தார், நான் பிடித்துவிட்டேன் என்று நினைத்து. பக்கத்தில் இருந்தவர்தான் தூக்கினார். மூன்று வினாடி இருக்கலாம். அன்று அவன் மறுபடி இறங்கவில்லை. தண்ணீர் குடித்த குழந்தைக்கு இருமல் நிற்காவிட்டாலோ, மூச்சு சிரமமாக இருந்தாலோ, சோர்ந்து போனாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்று அவன் அம்மாவிடம் விளக்கியது உயிர்காப்பாளர். எனக்கு நாக்கே எழவில்லை.

ஆழம் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று நினைத்திருந்தேன். ஆழத்தில் பலகை மிதந்துகொண்டே போகும். கரையோரம்தான் அது தட்டி நிற்கும், அடியில் கெட்டி மணல், பின்னாலிருந்து அடுத்த அலை. அதோடு நம் கவனமும் அங்கேதான் தளரும்.

இப்போது நாங்கள் செய்வது இது. பிடிப்பவர்கள் தொடையளவு ஆழத்தில், பலகை வரும் பாதைக்கு இரண்டு பக்கமும், ஒரு கை தூரம் தள்ளி நிற்கிறோம். பலகை நெருங்கியதும் அது போகும் திசையிலேயே கூட ஓடுகிறோம். ஒரு கை பலகை விளிம்பில், இன்னொரு கை லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையில். குழந்தையின் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது; தசை தளர்ந்த குழந்தைக்குத் தோள் மூட்டு நழுவிவிடும். குழந்தையோடு பலகையில் பின்னால் படுத்து வருபவர் தன் காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு வேகத்தைக் குறைக்கிறார். ஃபின் தட்டுவதற்கு முன்பே பலகை நின்றுவிட வேண்டும். நின்றதும், அடுத்த அலைக்கு நேரம் இருந்தால் மூக்கைக் கடல் பக்கம் திருப்புங்கள். அலை மிகப் பக்கத்தில் வந்துவிட்டது என்றால் திருப்பப் பார்க்காதீர்கள், பாதியில் குறுக்கே மாட்டிக்கொள்வீர்கள். நேராகவே பிடித்துக்கொண்டு அதோடு போங்கள்.

எல்லாவற்றையும்விட உதவியது இரண்டே வார்த்தை: “என் கையில்!” பிடிப்பவர் அதைச் சத்தமாகச் சொல்லும்வரை பின்னால் இருப்பவர் விடக் கூடாது.

இதைக் காய்ந்த மணலில் பத்துத் தடவையாவது ஒத்திகை பாருங்கள். ஒரு தடவை நீங்களே கை காலை அசைக்காமல் பலகையில் படுத்துக்கொள்ளுங்கள், மற்றவர்கள் தூக்கட்டும். அக்குளைப் பிடித்துத் தூக்கினால் எப்படி வலிக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

6. எப்போது நிறுத்துவது

குழந்தை ‘போதும்’ என்றால். உதடு நீலமானால், நடுங்கினால். வலிப்பு வந்தால் தண்ணீரிலேயே முகத்தை மேலே தாங்கிப் பிடியுங்கள், கை காலை அமுக்காதீர்கள்; அடங்கியதும் கரைக்குக் கொண்டுவாருங்கள். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

பின்சேர்க்கை 1: ஒரு அம்மா எழுதியிருந்தார்: காக்ளியர் கருவியின் (காதுக்குள் பொருத்திக் கேட்கவைக்கும் கருவி) வெளிப்பகுதியைக் கழற்றிவிட்டால் அவர் மகளுக்கு எதுவும் கேட்காது, அப்புறம் யார் கத்தினால் என்ன? சரிதான். இப்போது தோளில் இரண்டு தட்டு என்றால் அலை வருகிறது, நீளமாக ஒரு அழுத்து என்றால் முடிந்தது. கரையிலேயே பழகிவிடுகிறோம். பார்வை இல்லாத குழந்தைக்கு மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணிச் சொல்கிறோம்.

பின்சேர்க்கை 2: வெட்சூட்டை (உடம்போடு ஒட்டிய, குளிர் தாங்கும் ரப்பர் உடை) பார்த்தாலே அலறுகிற குழந்தையை என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டீர்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் பழகிய சட்டையே போதும். குளிராக இருந்தால் முதல்நாளே உடையை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள், தொட்டு விளையாடட்டும். பிடித்து மாட்டிவிடுவது மட்டும் வேண்டாம்.

பின்சேர்க்கை 3: ஒரு பிசியோதெரபிஸ்ட் சுட்டிக்காட்டியது. காலில் உணர்ச்சி இல்லாத குழந்தைக்குப் பாதம் மணலில் உரசிக் கிழிந்தாலும் தெரியாது. கரை ஏறியதும் குதிகால், முட்டி, இடுப்பு எலும்புப் பக்கம் தோலைப் பெற்றோரோடு சேர்ந்து பார்த்துவிடுங்கள். இப்போதெல்லாம் என் பையில் சின்ன அளவு நியோப்ரீன் (வெட்சூட் துணி) காலுறை இரண்டு ஜோடி கிடக்கிறது.