டிராக் பந்தயக் கார்ப் பிரிவுகளை ஒப்பிடுவது எப்படி: நேரச்சீட்டை அடி அடியாகப் படித்தல்

அமெரிக்காவில் என்.எச்.ஆர்.ஏ. என்ற அமைப்பு நடத்தும், நின்ற இடத்திலிருந்து நேர்த்தடத்தில் இரு கார்கள் போட்டியிடும் டிராக் பந்தயங்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள், டாப் ஃபியூவல் என்ற பிரிவின் கார் 3.7 வினாடியில் ஓடி முடிப்பதையும் புரோ ஸ்டாக் என்ற பிரிவின் கார் 6.5 வினாடி எடுத்துக்கொள்வதையும் கண்டு, இரண்டுக்கும் இடையே 2.8 வினாடி வேறுபாடு இருப்பதாகக் கணக்கிட்டுவிடுகிறார்கள். இந்தக் கணக்கு தவறானது, ஏனெனில் அவை ஓடிய தூரமே ஒன்றல்ல. 2008 ஜூன் மாதத்தில் நியூ ஜெர்சி மாநிலத்தின் இங்லிஷ்டவுன் களத்தில் ஃபன்னி கார் ஓட்டுநர் ஸ்காட் கலிட்டா விபத்தில் உயிரிழந்ததை அடுத்து, டாப் ஃபியூவல், ஃபன்னி கார் ஆகிய இரு பிரிவுகளுக்கும் பந்தயத் தூரம் 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது. புரோ ஸ்டாக் உள்ளிட்ட பிற பிரிவுகள் பழையபடி கால் மைல், அதாவது 1,320 அடி ஓடுகின்றன. ஆகவே எந்த எண்ணை எடுத்தாலும், அது எத்தனை அடிக்கு உரியது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்து, ஓட்டம் முடிந்ததும் தரப்படும் நேரச்சீட்டை முழுமையாகப் படிக்க வேண்டும். அதில் 60, 330, 660, 1,000, 1,320 அடிகளைக் கார் கடந்த நேரங்கள் தனித்தனியே அச்சாகியிருக்கும். ஓட்ட நேரத்துக்கான கடிகாரம் பச்சை விளக்கு எரியும்போது தொடங்குவதில்லை. முன் சக்கரம் தொடக்கக் கோட்டின் ஒளிக்கற்றையை விட்டு விலகும்போதே தொடங்குகிறது. விளக்குக்கும் அந்த விலகலுக்கும் இடைப்பட்ட நேரம் ஓட்டுநரின் எதிர்வினை நேரமாகத் தனியே பதிவாகிறது. பந்தயத்தில் வெற்றி தோல்வியை அதுவும் சேர்ந்தே தீர்மானிக்கும் என்றாலும், காரின் திறனை மட்டும் ஒப்பிடும்போது அதை ஒதுக்கிவைத்துவிடலாம். சீட்டில் உள்ள வேகமும் எல்லைக் கோட்டில் எட்டிய உச்ச வேகமன்று. கடைசி 66 அடியின் சராசரி வேகம்.

இப்போது இரண்டு பிரிவுகளின் வழக்கமான நல்ல ஓட்டங்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். டாப் ஃபியூவல் கார் ஏறத்தாழ 0.83 வினாடியில் 60 அடியையும், 2.10 வினாடியில் 330 அடியையும், 2.96 வினாடியில் 660 அடியையும், 3.68 வினாடியில் 1,000 அடியையும் கடக்கிறது. புரோ ஸ்டாக் காரோ அதே இடங்களை 0.98, 2.68, 4.14, 5.42 என்ற நேரங்களில் கடந்து, 6.5 வினாடியை ஒட்டிக் கால் மைலை முடிக்கிறது. ஆக, ஒரே தூரத்தில் உண்மையான வேறுபாடு 1.74 வினாடிதான். அந்த வேறுபாடு வளரும் விதத்தைக் கவனியுங்கள்: 60 அடியில் வெறும் 0.15, 330 அடியில் 0.58, 660 அடியில் 1.18. ஏழு மடங்குக்கும் மேல் ஆற்றல் கொண்ட கார், முதல் 60 அடியில் ஏன் இவ்வளவு சிறிய முன்னிலையே பெறுகிறது என்ற கேள்விதான் பிரிவுகளைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல் என்று நான் கருதுகிறேன்.

இரு பிரிவுகளிலும் எஞ்சினின் கொள்ளளவு ஒன்றே: 500 கன அங்குலம், அதாவது சுமார் 8.2 லிட்டர். புரோ ஸ்டாக் எஞ்சின், காற்றை அழுத்தித் திணிக்கும் கருவியான சூப்பர்சார்ஜர் இல்லாமல், தானாக இழுக்கும் காற்றில் பெட்ரோலை எரித்து ஏறத்தாழ 1,500 குதிரைத்திறன் தருகிறது. டாப் ஃபியூவல் எஞ்சின் சூப்பர்சார்ஜருடன், 90 விழுக்காடு நைட்ரோமீத்தேன் கொண்ட எரிபொருளில் 11,000 குதிரைத்திறனையும் தாண்டுகிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். தன் மூலக்கூறிலேயே ஆக்சிஜனை வைத்திருக்கும் நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் நைட்ரோமீத்தேனின் ஆற்றல் பெட்ரோலில் ஏறக்குறைய கால் பங்குதான். ஆனால் அதே அளவு காற்றில் எட்டு மடங்குக்கும் அதிகமான எரிபொருளை எரிக்க முடிவதால், மொத்தத்தில் இரு மடங்குக்கு மேல் ஆற்றல் கிடைக்கிறது. மீதியைச் சூப்பர்சார்ஜர் திணிக்கும் காற்று ஈட்டித் தருகிறது.

இந்த ஆற்றலில் எவ்வளவு தரைக்குப் போய்ச் சேருகிறது என்பதை எளிய கணக்கொன்றால் சோதிக்கலாம். காரின் எடையை பவுண்டில் எடுத்து, குதிரைத்திறனால் வகுத்து, அதன் கனமூலத்தை 5.825 ஆல் பெருக்கினால் கால் மைல் நேரம் தோராயமாகக் கிடைக்கும். புரோ ஸ்டாக்குக்கு 2,350 பவுண்டும் 1,500 குதிரைத்திறனும் இட்டால் 6.77 வருகிறது. உண்மையான கார் அதைவிடச் சற்று நன்றாகவே ஓடுகிறது, ஏனெனில் ஐந்து கியர்களும் அகன்ற டயர்களும் பசை பூசிய தரையும் அதன் ஆற்றலை வீணாக்குவதில்லை. ஏறத்தாழ அதே எடையுள்ள டாப் ஃபியூவல் காருக்கு 11,000 இட்டால் 3.48 வருகிறது; ஆனால் அந்தக் கார் 1,000 அடிக்கே அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. எனவே அங்கே எல்லை வகுப்பது எஞ்சின் அன்று, டயரின் பிடிமானம். கியர்பெட்டியே இல்லாத அந்தக் காரில், பல தட்டுகள் கொண்ட கிளட்ச் நேர அளவுப்படி சிறிது சிறிதாக இறுகி, ஆற்றலைப் பின்சக்கரங்களுக்குத் தவணையாக அனுப்புகிறது. எனவே புரோ ஸ்டாக்கை மதிப்பிடும்போது எஞ்சினையும் கியர் மாற்றத்தையும், டாப் ஃபியூவலை மதிப்பிடும்போது கிளட்ச் அமைப்பையும் தரையின் நிலையையும் முதலில் பாருங்கள்.

ஃபன்னி காரில் எஞ்சினும் எரிபொருளும் பெரும்பாலும் டாப் ஃபியூவலில் உள்ளவையே. ஆனால் அச்சுகளுக்கு இடையிலான தூரம் டாப் ஃபியூவலில் 300 அங்குலம் வரை இருக்க, இதில் 125 அங்குலமே என்பதால், காரை நேராக வைத்திருப்பதே கடினம். நல்ல ஓட்டம் 3.8 முதல் 3.9 வினாடி வரை அமையும்.

சூப்பர் காம்ப், சூப்பர் கேஸ், சூப்பர் ஸ்ட்ரீட் ஆகிய பிரிவுகளை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். அவற்றுக்கு முறையே 8.90, 9.90, 10.90 வினாடி என்று கால் மைல் நேரம் விதிக்கப்பட்டிருக்கிறது. இரு கார்களும் முறையாக ஓடும்போது, அவற்றில் ஒன்று மட்டும் விதித்த நேரத்தைவிட விரைவாக ஓடினால் அதுவே தோற்றுவிடும். அதனால் இன்னும் விரைவாக ஓடக்கூடிய காரைக்கூட, எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைச் சற்று நேரம் மூடிவைக்கும் கருவியால் 8.90க்கு நிறுத்துகிறார்கள். அத்தகைய காரின் உண்மையான வலுவை அறிய, ஓட்ட நேரத்தை விட்டுவிட்டு எல்லை வேகத்தைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, ஒரே நாளில் ஒரே களத்தில் பதிவான சீட்டுகளையே ஒப்பிடுங்கள். 2023 வரை பந்தயம் நடந்த டென்வர் அருகிலுள்ள பாண்டிமியர் களம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,800 அடி உயரத்தில் இருந்தது. தானாக இழுக்கும் காற்றை மட்டுமே நம்பியிருக்கும் புரோ ஸ்டாக், அங்கிருந்த மெல்லிய காற்றில் 6.9 வினாடிக்குத் தளர்ந்துபோனது. நைட்ரோமீத்தேனில் ஓடும் டாப் ஃபியூவல், ஃபன்னி கார்களோ சூப்பர்சார்ஜரை இன்னும் விரைவாகச் சுழற்றி இழப்பில் பெரும்பகுதியை ஈடுசெய்துகொண்டன.